காவலில்லாத துறைமுகம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வர வேண்டியதில்லை. போன வாரம் தம்பிக்குத்தான் எழுதினேன். எங்கள் விளையாட்டில் அச்சுக்கூடத்தின் விலையை யார் குறைத்தது என்று ஒரே ஒரு கேள்வி. அவன் ஒரே வரியில் பதில் போட்டான்: "அவகிட்ட கேளுக்கா, இப்ப டெக்னாலஜி எல்லாம் அவதான்." வீட்டில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கெட்டால் நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்கிறானோ என்று முதலில் நினைத்தேன். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் அப்படி நடக்காதே என்று பிறகுதான் உறைத்தது.

அவன் சொல்லாமல் விட்டிருந்தால் நான் சொல்கிறேன். கடையில் வாங்கிய அந்தச் சரித்திரக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ராஜ்ஜியம் கட்டலாம், சண்டை போடலாம், எல்லாம் உண்டு. ஆனால் எந்த ஆட்சிமுறையை எடுத்தாலும் ஆட்டம் ஒரே மாதிரிதான் போகும். அது பொறுக்காமல் நானும் தம்பியும் எட்டு வருடத்துக்கு முன்னால் அதற்கு ஒரு மோட் எழுத ஆரம்பித்தோம். விதிகளை நாங்களே திருத்தி எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைக்கிறோம். முடியாட்சியில் தொடங்கி மக்களாட்சி வரை ஐந்து ஆட்சிமுறைகளும் என் பொறுப்பு. இரும்பு உருக்குவதில் தொடங்கி நீராவி இயந்திரம் வரை தொழில்நுட்பம் எல்லாம் அவன் பொறுப்பு. என் ஆட்சி அவன் இயந்திரத்தை மிஞ்சக் கூடாது, அவன் இயந்திரம் என் ஆட்சியைக் கவிழ்க்கக் கூடாது. எட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சே இதுதான்.

புதுப் பதிப்பில் அச்சுக்கூடம் பாதி விலைக்கு வந்திருக்கிறது. போதாததற்கு, அச்சுக்கூடம் வந்த நாட்டில் முடியாட்சி இருந்தால் ஊருக்கு ஊர் கலவரமாம். என் ராஜா உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. முடியாட்சிதான் எனக்குப் பிடித்த ஆட்சி என்பது எங்கள் மோடை ஆடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நல்ல மனதோடு எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிறப்பு இறப்பு பதிகிற ஆபீசில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவள். அரசாங்கம் எப்படி நடக்கும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். பழைய விலையையே போட்டுவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எனக்கென்று நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. அதற்காகவே அச்சுக்கூடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவருக்கு இப்போது புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரியில் வேலை. ஒன்பது மாடி, ஆறு லிஃப்ட். வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றுவதற்குள் கண் சொருகிவிடுகிறது. ஒரு நாள் தொழில்நுட்பப் பட்டியலைத் திறந்து என் முன்னால் வைத்து, "நீ வேணா பாரேன், உனக்குத்தான் நம்பர்னா உயிராச்சே" என்றார். நானாக எடுத்துக்கொள்ளவில்லை அக்கா. கையில் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஒரே பழக்கம்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, என்ன ஆகிறது என்று பார். அப்படித்தான் ஆடிப் பார்த்தேன். ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தையும் பழசிலிருந்து படித்தேன். எல்லோரும் தொடக்கத்தில் முடியாட்சியை எடுக்கிறார்கள், கடைசிவரை அதிலேயே இருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு பாடுபட்டு எழுதிய மற்ற நான்கு ஆட்சிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் அச்சுக்கூடத்தில் கை வைத்தேன். ஜனங்கள் படிக்க ஆரம்பித்தால் ராஜாவைக் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்?

முடியாட்சி உங்களுக்குப் பிடிக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இந்த வீட்டில் அதெல்லாம் தெரியாமல் இருக்க வழியே இல்லை. துணி மடித்தால் "அக்கா இப்படி மடிக்க மாட்டா." டிக்கெட் எடுத்தால் "அக்கா இருந்தா ஜன்னல் சீட்டே கிடைச்சிருக்கும்." உங்களைப் பார்த்ததைவிட உங்களைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம்.

பழைய விலைக்கு மாற்றச் சொன்னால் மாற்றிவிடுகிறேன். காரணத்தை மட்டும் எழுதுங்கள். காரணம் எழுதாமல் எந்த எண்ணையும் மாற்றக் கூடாது என்பது நீங்கள் போட்ட விதியாமே, அவர் சொன்னார்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

காரணம் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் காரணம் தேடினேன். கிடைத்ததெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை.

நீங்கள் சொன்ன அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். "முதல்முறையாக எந்த ஆட்சி எடுப்பது என்று யோசிக்க வைக்கிற பதிப்பு. தொழில்நுட்பத்தைத் தொட்டவர் யாரோ, அவர் கைக்கு மோதிரம் போடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே பத்துப் பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். எட்டு வருடத்தில் என் கைக்கு ஒருத்தரும் நூல்கூடக் கட்டவில்லை. வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாற்றத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வாயால் தீர்க்க மாட்டோம், இடம் மாறி ஆடிப் பார்ப்போம். எனக்குப் பிடிக்காததை நான் எடுத்து ஆட வேண்டும், எதிரில் இருப்பவர் எனக்குப் பிடித்ததை எடுத்து ஆட வேண்டும். தினம் ஒருவருக்கொருவர் ஆட்ட ஃபைலை அனுப்புவோம், இடையிடையே கடிதம். போனில் இதைப் பற்றிப் பேசக் கூடாது. ஒருமுறை குதிரைப்படை விஷயத்தில் போனில் பேசி, நானும் தம்பியும் ஒரு மாதம் பேசாமல் இருந்தோம்.

அதனால் நான் மக்களாட்சி எடுக்கிறேன், உங்கள் மலிவு விலை அச்சுக்கூடத்தோடு. நீங்கள் என் முடியாட்சியை எடுங்கள். நான் ஜெயித்தால் தொழில்நுட்பம் திரும்பத் தம்பி கைக்குப் போக வேண்டும். அவன் தூங்கினாலும் சரி, தூக்கத்தில் செய்தாலும் சரி. நீங்கள் ஜெயித்தால் ஆட்டம் திறக்கும்போது வரும் முதல் திரையில் எங்கள் இரண்டு பெயரோடு உங்கள் பெயரும் வரும். எட்டு வருடமாக அந்தத் திரையில் அக்கா, தம்பி என்று இரண்டே பெயர்கள்தான். பந்தயம் சின்னதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் அண்ணன் பக்கத்தில் இருந்து இதைப் படித்துவிட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இல்லையா, எதையும் அந்தக் கணக்கில்தான் சொல்வார். "உனக்கு வண்டி நல்லா ஓட்ட வருது. பிரேக்தான் எங்க இருக்குன்னு தெரியல" என்றார். அவரைக் கேட்டதாகச் சொன்னேன்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

பந்தயத்துக்குச் சம்மதம். ஆட்டம் நன்றாகப் போகிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் என் ராஜா படுகிற பாடு உங்களுக்கே தெரியும். கலவரத்தை அடக்கவே பாதிப் படை ஊருக்குள் நிற்கிறது. என் மருந்தை நானே குடிக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முடியாட்சி இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ராஜா நினைத்தால் நினைத்ததுதான். யாரையும் கேட்க வேண்டாம், கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையைக்கூட மறுநாள் கிழிக்கலாம். வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிற ஒருத்திக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நீங்கள் ஏன் எட்டு வருடமாக இதை விட்டு இறங்கவில்லை என்று புரிகிறது.

அடுத்த வாரம் அவர் லிஃப்ட் கம்பெனிப் பயிற்சிக்காக உங்கள் ஊருக்கு வருகிறார். நான்கு நாள் உங்கள் வீட்டில்தான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே பெட்டி கட்டிவிட்டார். என் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில்தான் சட்டை தேடுவார். முதலில் எடுத்து வைத்தது அந்தப் பழைய விளையாட்டு மௌஸ். அதை எதற்கு என்றேன். "அக்கா வீட்டு மௌஸ் ஒரு பக்கமா இழுக்கும்" என்றார். உங்கள் வீட்டு மௌஸ் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதுகூடத் தெரிந்தவரோடு நான் குடித்தனம் நடத்துகிறேன். இந்த வீட்டு காஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று அவருக்குத் தெரியாது.

அவருக்குத் தலையணை இரண்டு வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
தம்பி மனைவி


மார்ச் 12

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உங்கள் வீட்டுக்காரரை நேற்று ரயில் ஏற்றிவிட்டேன். பத்திரமாக வந்து சேர்ந்திருப்பான். தலையணை மூன்று கொடுத்தேன்.

நான்கு நாளும் சாயங்காலம் ஆனால் ஆட்டம்தான். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நான்கு ஆட்டமும் நான்தான் ஜெயித்தேன். கடைசி ஆட்டத்தில் அவன் கையில் பீரங்கி இருந்தது, என்னிடம் வில்லும் அம்பும். அப்படியும் வளைத்துவிட்டேன். "அக்கா, உன்னை அடிக்க ஆளே பிறக்கலக்கா" என்று மேஜையில் தலையை வைத்துக்கொண்டான். பழைய குண்டூசி அப்படியே இருக்கிறான். குண்டூசி என்பது நான் வைத்த பெயர். சின்ன வயதில் அவ்வளவு ஒல்லி. உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான், வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று தினம் மூன்று முறை உங்களுக்குப் போன் செய்துவிட்டு வந்தான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து போவான். முன்பெல்லாம் வீடு பற்றி எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

நம் ஆட்டத்துக்கு வருகிறேன். உங்கள் அச்சுக்கூடத்தால் என் மக்களாட்சிக்குப் பணமும் படிப்பும் கொட்டுகிறது. பிடிக்காமல்தான் எடுத்தேன், ஆனால் இலவசமாக வருவதை வேண்டாம் என்பானேன்? பீரங்கி, வெடிமருந்து, சாலை எல்லாம் ஆயிற்று. என் மொத்தப் படையும் இப்போது உங்கள் எல்லைக்குள் நிற்கிறது. மூன்று நகரம் விழுந்தாயிற்று. அடுத்த சுற்றில் உங்கள் தலைநகரம்.

உங்கள் அச்சுக்கூடத்தை வைத்தே உங்களை அடித்தேன் என்று முதல் திரையில் எழுதி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வருத்தப்படாதீர்கள். முதல் ஆட்டம்தானே.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப நேரம் யோசித்தேன். என்னிடம் படை இல்லை. அதனால் நீங்கள் எழுதிய ஆட்சிமுறை விதிகளை முதலிலிருந்து படித்தேன்.

மக்களாட்சியின் ஏழாவது விதி: "எதிரி சமாதானம் கேட்டால் சபை அதை உடனே ஏற்கும். ஆளுகிறவருக்குக் கேள்வி கிடையாது."

சமாதானம் கேட்டுவிட்டேன். உங்கள் சபை சம்மதித்துவிட்டது. ஃபைல் இத்துடன் இருக்கிறது.

குண்டூசி நன்றாகத் தூங்குகிறார்.

அன்புடன்,
தம்பி மனைவி


மார்ச் 15

தம்பி மனைவிக்கு,

ஃபைலைத் திறந்தேன். என் படை முழுக்க உங்கள் நாட்டுக்குள்ளிருந்து திரும்பி நடந்துகொண்டிருக்கிறது. தலைநகரத்தின் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஒரே ஒரு சுற்று.

அந்த ஏழாவது விதியை நான் எழுதிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆபீசில் ஒரு நாற்காலி மாற்றுவதற்கு மூன்று மணி நேரம் கூட்டம் போட்டார்கள். அந்த எரிச்சலில் வந்து, மக்களாட்சி என்றால் இப்படித்தான் என்று எழுதி வைத்தேன். அது என் காலையே வாரும் என்று நினைக்கவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டேன், பிறகு மேஜையை ஓங்கி அடித்தேன். உங்கள் அண்ணன் ஓடி வந்தார்.

நீங்கள் அந்தப் பெயரை எழுதியிருக்க வேண்டாம்.

இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை. அச்சுக்கூடத்தால் இல்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆனால் அவன் முதலில் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான், அது நியாயம்தான். போன் பேசும்போது பின்னால் உங்கள் குரல் கேட்டதும் அவன் பேச்சை முடித்துக்கொள்கிறான், அதுவும் சரி. சம்பளம், நேரம், லீவு எல்லாம் உங்களுக்கு. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு என்று நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு விளையாட்டுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போனும் ஆட்டமுமாக அவன் பழைய தம்பியாக வந்து என்னோடு சண்டை போடுவான், தோற்பான், திட்டுவான். அதிலும் நீங்கள் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். உட்கார்ந்தது மட்டுமில்லை, அவனைவிட நன்றாகச் செய்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே கலகம் செய்துவிட்டேன். மக்களாட்சியைக் கவிழ்த்தாயிற்று. விதிப்படி மூன்று சுற்றுக்கு நாட்டில் அரசாங்கமே கிடையாது, சம்பளம் இல்லாததால் படை நின்ற இடத்தில் நிற்கும். நான்காவது சுற்றில் நான் ராஜா. ராஜாவுக்குச் சபையும் இல்லை, ஏழாவது விதியும் இல்லை.

வருகிறேன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தலைநகரத்தைப் பிடித்துவிட்டேன். ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் என் வாயிலிருந்தே உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

சமாதானத்தை நான்தான் முறித்தேன். ராஜா முறிக்கலாம். எல்லை வழியாக வரவில்லை, கடல் வழியாக வந்தேன். உங்கள் தலைநகரம் இருப்பதே துறைமுகத்தில். அந்தத் துறைமுகத்தில் ஒரு காவலாளிகூட இல்லை அக்கா. அரசாங்கம் இருந்தபோதும் இல்லை, ஆட்டம் தொடங்கியதிலிருந்தே இல்லை. நான்கு கப்பல் போதுமாக இருந்தது.

கப்பலை அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் ஃபைலை அப்படியே வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். விட்டுக்கொடுத்துவிடலாம், போய்த் தொலைகிறது, பெயர் வராவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். அப்புறம் எனக்கும் கோபம் வந்தது. நீங்கள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் துறைமுகம் ஏன் காலியாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அவரோடு ஆடி ஆடி உங்களுக்கு அது பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் முதுகுக்குப் பின்னால்தான் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆட்டம் புரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "ஏங்க, அக்கா துறைமுகத்துல ஆளே இல்லையே, கப்பலை விடுங்களேன்." அவர் திரும்பாமலே சொன்னார்: "தெரியும். நீ சும்மா இரு." கப்பலை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கு அடுத்த வாரம் வெடிமருந்தை விற்றுவிட்டு உங்கள் படைக்காகக் காத்திருந்தார். தோற்றதும் உங்களிடம் அப்படிக் கத்திவிட்டு, போனை வைத்த பிறகு முகம் கொள்ளாமல் சிரிப்பார்.

உங்களிடம் அவர் தோற்றுக்கொடுக்கிறார் அக்கா. என்னிடம் ஒரு நாள்கூடத் தோற்றதில்லை. நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். எனக்கும் ஒருமுறை அப்படி விட்டுக்கொடுப்பாரா என்று பார்க்க. என் பிறந்தநாள் அன்று என் தலைநகரத்தை எரித்தார். எரித்துவிட்டு, "உன் களஞ்சியம் மூணு சுற்று லேட்டு" என்று கணக்கு வேறு சொன்னார். காய்ச்சலில் படுத்திருந்தபோது ஆடினோம், அப்போதும் எரித்தார். உங்களைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. எழுதியதை அழிக்க மனம் வரவில்லை.

தம்பி மனைவி


ஏப்ரல் 7

அன்புள்ளவளே,

இனி நீங்கள் வாங்கள் எல்லாம் வராது எனக்கு. தலைநகரத்தைப் பிடித்தவளிடம் என்ன மரியாதை?

உன் கடிதம் வந்த அன்று நம்பவில்லை. பெண்டாட்டிக்காரி எரிச்சலில் எதையோ கோத்து எழுதுகிறாள் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "உன் தம்பி உன்கிட்ட நிஜமா ஆடி நான் பார்த்ததே இல்லையே" என்றார். உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ரொம்ப நாளாகவாம். ஏன் சொல்லவில்லை என்றால், "நீ ஜெயிச்சா அன்னைக்கு வீடு நல்லா இருக்கும்" என்கிறார். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்படியும் மனம் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவனைச் சோதித்துப் பார்த்தேன். நீ சொல்வாயே, ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று. நான் மாற்றியது ஒன்றே ஒன்று: தோற்க வேண்டும் என்று ஆடினேன். துறைமுகத்தைத் திறந்து போட்டேன். படையைக் கலைத்தேன். பீரங்கிகளை விற்று ஊரெல்லாம் பூங்கா கட்டினேன். தலைநகரத்தில் இருந்தது ஒரு தச்சனும் இரண்டு ஆடும். குருடன்கூட அந்த ஊரைப் பிடித்துவிடலாம்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? கப்பல்களை எல்லாம் ஒன்று சேர்த்தான். வந்துவிட்டான், இதோ பிடிக்கப் போகிறான் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அத்தனை கப்பலையும் நேராகப் புயல் பகுதிக்குள் ஓட்டிக்கொண்டு போய் மூழ்கடித்தான். பிறகு, "அய்யோ அக்கா, இந்தப் புயலைப் பார்க்கவே இல்லக்கா" என்று அலறினான். புயல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் வரைந்ததே அவன்தான். எட்டு வருடத்துக்கு முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்து.

நான் தோற்கப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. அவன் தோற்பதில் அவ்வளவு கெட்டிக்காரன். போனில், "உனக்கு எப்பவும் கண்ணு தெரியாதுடா குண்டூசி" என்று திட்டினேன். என் குரல் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை. நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய், உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் உனக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று அழுகிறாயே, அடிப்பாவி, அதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. என்னை அவன் பார்த்துப் பார்த்து நடத்துகிறான், விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறான். உன்னிடம் முழுப் படையோடு வருகிறான். காய்ச்சலில் கிடந்தாலும் நீ திருப்பி அடிப்பாய் என்று நம்புகிறான். களஞ்சியம் மூன்று சுற்று தாமதம் என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் எவ்வளவோ நன்றாக ஆடியிருப்பேன். நீ எனக்குக் கிடைத்ததைக் கேட்கிறாய், நான் உனக்குக் கிடைத்ததைக் கேட்கிறேன். அவனோ நடுவில் லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறான்.

பந்தயப்படி முதல் திரையில் உன் பெயரைச் சேர்த்துவிட்டேன். நடுவில் போடவில்லை, அந்த அளவுக்கு நான் இன்னும் நல்லவள் ஆகவில்லை. கடைசியில் இருக்கிறது, எழுத்தின் அளவு மட்டும் ஒன்றே. அச்சுக்கூடம் உன் விலையிலேயே இருக்கட்டும். ஏழாவது விதியை எடுத்துவிடலாம் என்று ஃபைலைத் திறந்தேன், பிறகு விட்டுவிட்டேன். அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போலத் தோற்கட்டும், நான் வழக்கம்போலப் பீற்றிக்கொள்கிறேன். அவன் கப்பலை எங்கேயாவது மூழ்கடிக்கும்போது நீ பின்னாலிருந்து வாயைத் திறக்காதே. அவனிடமிருந்து எனக்கு வருவது அது ஒன்றுதான், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

மற்ற நாட்களில் எனக்கு நிஜமாக ஆட ஓர் ஆள் வேண்டும். புது ஆட்டம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், ஆளுக்கொரு துறைமுக நகரத்தோடு தொடங்குகிறது. முதல் நகர்வு உன்னுடையது. விட்டுக்கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவேன், இனி எனக்கு அது தெரியும்.

என் துறைமுகத்தில் காவல் போட்டுவிட்டேன்.

உன் நாத்தனார்